குடிலுக்குப் பின்னால் ஒரு பேட்டரி

டிசம்பர் 1, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. தேக்கா மார்க்கெட்டில் என் தையல் கடைக்கு ஏறும் மாடிப்படி முழுக்க ஈரக் கால்தடம். கிறிஸ்துமஸ் துணி கொடுத்தவர்கள் எல்லாருக்கும் இருபதாம் தேதிக்குள் வேண்டுமாம். எனக்கு இருப்பது இரண்டே கை.

பாக்கி: ஃபாதர் அங்கிக்கு ஓரம். மகள் ரீத்தாவின் தேவதை வேஷத்துக்குச் சம்மனசு கவுன். இறக்கை இன்னும் வெட்டவே இல்லை. வெள்ளை நூல் வாங்க. இவர் யூனிஃபார்மில் பொத்தான்.

மதியம் மெஷினில் குனிந்திருந்தேன். "அக்கா, சூசை அண்ணன் வீட்டுக்காரங்க நீங்கதானே? நான் வசந்தா. அண்ணனோட ஒர்க்‌ஷாப்."

ஓ. இவள்தானா.

நான்கு மாதமாக எங்கள் வீட்டில் சோற்றோடு பரிமாறப்படுகிற பெயர். "வசந்தா சொன்னா." "வசந்தாவக் கேட்டா தெரியும்." "வசந்தா எவ்ளோ ஈசியா முடிச்சிட்டா தெரியுமா?" பழைய பாயா லேபார் ஏர்போர்ட்டிலிருந்து சாங்கி வரை பதினான்கு வருஷமாக விமான பேட்டரிகளோடு மல்லுக்கட்டுகிறவர் இவர். புது மாதிரி லித்தியம் பேட்டரி வந்திருக்கிறது, யாராவது லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வரவேண்டும் என்றபோது கம்பெனி அனுப்பியது நேற்று வந்த இவளை. இவருக்குக் கொஞ்சமும் எரியவில்லை. "பாலிடெக்னிக் படிச்ச பொண்ணு, அவதான் போகணும்" என்கிறார். அவருக்கும் சேர்த்து நான் எரிகிறேன்.

தையில் சித்தி மகள் கல்யாணமாம். மயில்கழுத்து நிறப் பட்டுக்கு ப்ளவுஸ். "அண்ணன் சொன்னாரு, தேக்காவில உங்க கை மாதிரி வராதுன்னு." அண்ணனாம். கூடப்பிறந்தவள் மாதிரிதான்.

அளவெடுத்தேன். நான் இத்தனை நாள் மனசில் போட்டுவைத்திருந்த பெண் இல்லை. அதைவிட மோசம். நன்றாக இருக்கிறாள், அடக்கமாகவும் பேசுகிறாள். ஒரு குறை சொல்ல வழியில்லை. முன்கழுத்தை எவ்வளவு இறக்கட்டும் என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எது நல்லா இருக்கும்னு தோணுதோ அப்படி வைங்க அக்கா" என்றாள். தாடை வரைக்கும் வைக்கலாமென்று தோன்றியது.

பக்கத்துக் கடை பாத்திமா அக்கா அவள் போனதும், "யாரு, அழகா இருக்கு பொண்ணு?" கேட்காமல் இருந்திருக்கலாம்.

டிசம்பர் 3, சனி

மழை விட்டு வெயில். துணி காய்ந்தது, அதுவரைக்கும் சந்தோஷம்.

மாலை கோயில் ஹாலில் கிறிஸ்துமஸ் குடில் வேலை. எங்கள் பங்குக் கோயிலில் எட்டு வருஷமாகக் குடில் கட்டுகிறவர் இவர்தான். சூசை என்று மாதாவின் கணவர் பெயரை வைத்துக்கொண்டு குடில் கட்டாமல் இருக்க முடியுமா என்று ஃபாதர் வருஷம் தவறாமல் ஒரே கேலி. அத்தாப்பு ஓலைக் கூரை போட்டாயிற்று. வைக்கோல் லிம் சூ காங் பண்ணையிலிருந்து. பிரவுன் பேப்பர் கசக்கி மலை. கடற்கரை மணல் அள்ளிவந்து தண்ணீர் தெளித்துப் பாலைவனம்.

போன வருஷம் நடுச்சாமப் பூசையில் இவர் போட்ட விளக்கால் ஃபியூஸ் போய், ஹால் இருட்டில் குழந்தைகள் அழுதது இன்னும் பேச்சாக இருக்கிறது. அதனால் இந்த வருஷம் ப்ளக்கே வேண்டாம், நட்சத்திரமும் இடையர்களின் நெருப்பும் பேட்டரியில் என்று முடிவு. பையிலிருந்து நாலு எடுத்தார். பெரிய டார்ச்லைட்டுக்குப் போடுகிற மாதிரி தடியாக, ஆனால் கனமே இல்லை.

"இதான் அந்த லித்தியமா?"

"ம். விமானம் எங்கயாவது விழுந்தா, நான் இங்க இருக்கேன்னு சிக்னல் அனுப்பும்ல ஒரு பெட்டி, அதுக்குள்ள இருக்கிறது. தேதி முடிஞ்சா கழட்டிடணும். சரக்கு ஃபுல்லா இருக்கும், ஆனாலும் வீசணும். வேஸ்ட் லா."

"உங்களுக்கு யாரு குடுத்தா?"

இவர் நட்சத்திரத்துக்கு வயர் முறுக்கிக்கொண்டே, "வசந்தா குடுத்தா" என்றார்.

கழிக்கிற பேட்டரி எல்லாம் அவள் பொறுப்பில் என்று இவர்தான் முன்பு சொல்லியிருக்கிறார். பூட்டு, ட்ரம், கையெழுத்து. அந்தப் பூட்டை இவருக்காகத் திறந்திருக்கிறாள். ஒரு பெண் தன் வேலையைப் பணயம் வைத்து இன்னொருத்தி புருஷனுக்கு எதற்கு பேட்டரி கொடுக்க வேண்டும்?

நட்சத்திரம் எரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் வைக்கோலைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

டிசம்பர் 6, செவ்வாய்

மயில்கழுத்துப் பட்டை வெட்டினேன். கத்தரி ஒரு நூல் தப்பாகப் போனால் போதும், பட்டு வீண். போகவில்லை. கை தொழிலுக்கு விசுவாசமாக இருக்கிறது, மனசுதான் இல்லை.

கோழி சொல்லிவைக்க. ரீத்தா இறக்கைக்குக் கம்பி.

பாத்திமா அக்காவிடம் லேசாகச் சொன்னேன், பேட்டரி விஷயம். "ஐயோ ரெஜினா, பேட்டரிதானே குடுத்தா, மல்லிகைப்பூவா குடுத்தா?" என்று சிரித்தாள். அவளுக்கென்ன. மல்லிகைப்பூ என்றால் எனக்குப் புரிந்திருக்கும், சண்டை போட்டு முடித்திருப்பேன். பேட்டரியை வைத்து எப்படிச் சண்டை போடுவது?

டிசம்பர் 8, வியாழன்

மாதா திருநாள். ஆறு மணிப் பூசைக்கு ஓடினோம். மழை.

பூசை முடிந்து குடிலைப் பார்க்கக் கூட்டம். தினமும் யாராவது நட்சத்திரத்தை ஏற்றிப் பார்த்துவிட்டு அணைக்காமல் போய்விடுகிறார்கள். வெளிச்சம் மங்கிவிட்டது. இடையர்களின் நெருப்பு அணைந்தே போயிற்று, அதிலிருந்த பேட்டரி தீர்ந்துவிட்டதாம்.

"சனிக்கிழமை காலையில இத சார்ஜ்ல போட்டுட்டு வேலைக்குப் போறேன்" என்றார். ஒர்க்‌ஷாப்பில் இவர் பிழைப்பே அதுதான். செத்தது என்று எல்லாரும் கைவிட்ட விமான பேட்டரியைக்கூட கழுவி, சார்ஜில் போட்டு எழுப்பிவிடுவார். வீட்டுக்கும் அப்படி ஒரு பெட்டி செய்துவைத்திருக்கிறார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "புது மாதிரின்னீங்க. அத சார்ஜ் பண்ணலாமான்னு உங்க வசந்தாகிட்ட கேட்டீங்களா?"

முகம் சிவந்துவிட்டது. "எல்லாத்துக்கும் அவகிட்ட போய் நிக்கணுமா? பேட்டரி பேட்டரிதான். கொஞ்சமா ஏத்தினா ஒண்ணும் ஆகாது."

நான்கு மாதத்தில் முதல் தடவையாக அவளிடம் கேட்க வேண்டாம் என்கிறார்! எனக்கு உச்சி குளிர்ந்தது. வருகிற வழியில் அவருக்குப் பிராட்டா வாங்கிக் கொடுத்தேன், முட்டை போட்டு.

டிசம்பர் 10, சனி

எழுத்து கோணல். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

மதியம் சம்மனசு ஒத்திகை. மழை கொட்டுகிறது. ரீத்தாவைக் கூட்டிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்ததும் ஒரு நாற்றம், ஒரு பெட்டித் தீக்குச்சியையும் ஒரே நேரத்தில் உரசினால் வருமே, அது. தொண்டையில் குத்தியது. பிள்ளைகள் இருமிக்கொண்டே பாடுகிறார்கள். குடிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பலகை மேல் இவருடைய சார்ஜர் பெட்டி. அதில் மாட்டியிருந்த பேட்டரி வயிறு உப்பி, உஸ்ஸென்று சத்தம். வைக்கோலுக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை.

ஃபாதர் ஆபீஸுக்கு ஓடி ஒர்க்‌ஷாப்புக்கு ஃபோன் போட்டேன். எடுத்தது யார்? அவளேதான்.

"சூசைய கூப்பிடுங்க, அர்ஜென்ட்."

"அண்ணன் விமானத்துக்குள்ள வேலையா இருக்காரு அக்கா. என்ன ஆச்சு?"

வேறு வழி இல்லை. சொன்னேன். "நீ குடுத்த அந்த பேட்டரி, சார்ஜ்ல போட்டது, வீங்கிப்போய் உஸ்ஸுங்குது."

பிறகு, மெதுவாக: "நான் குடுக்கலையே அக்கா."

கொடுக்கவில்லை. அப்படியென்றால் எடுத்திருக்கிறார். என் வாயாலேயே என் புருஷனைக் காட்டிக் கொடுத்துவிட்டேன், அதுவும் யாரிடம்.

அவள் அதைப் பற்றி மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. குரல் மட்டும் மாறிவிட்டது. "அக்கா, சொல்றத அப்படியே செய்ங்க. முதல்ல பிள்ளைங்க எல்லாரையும் வெளிய அனுப்புங்க. கதவு ஜன்னல் எல்லாம் திறந்து விடுங்க. அந்த வாயு கண்ணு, தொண்டை, நெஞ்சு எல்லாத்தையும் அரிக்கும். சுவர்ல சுவிட்ச மட்டும் ஆஃப் பண்ணுங்க. பேட்டரிய தொடாதீங்க, வயர இழுக்காதீங்க. தண்ணி மட்டும் ஊத்தவே கூடாது. லித்தியம் தண்ணியோட சேராது, தீ பிடிக்கும்."

தண்ணீர்! ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். நினைத்தது சரி, ஃபாதர் வாளியோடு குடில் பக்கம் போய்க்கொண்டிருந்தார். "ஊத்தாதீங்க ஃபாதர்!" என்று கத்தியதில் அவர் வாளியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார். நான் ஃபாதரிடம் கத்துவது இதுதான் முதல் தடவை.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவிட்சை அணைத்தேன். பிள்ளைகள் வெளியே தாழ்வாரத்தில். திரும்ப ஃபோன்.

"சத்தம் இன்னும் வருதா?"

"வருது."

"அப்ப கிட்ட போகவே போகாதீங்க. நீளமா ஒட்டடைக் கம்பு எதாவது இருந்தா தூரமா நின்னு வைக்கோல மட்டும் தள்ளி விடுங்க. காத்து உங்க முதுகுப் பக்கமிருந்து வரணும். புகையோ தீயோ பார்த்தா விட்டுட்டு வெளிய வந்து ஃபயர் பிரிகேடக் கூப்பிடுங்க. நான் டாக்ஸியில வர்றேன். அங்க காய்ஞ்ச மணல் இருக்கா?"

குடில் மணல் ஈரம். மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஊன்றுகிற மணல் இருக்கிறது என்றேன்.

"மெழுகு கலந்திருக்கும், வேண்டாம். நானே கொண்டு வரேன்."

ஒட்டடைக் கம்பால் வைக்கோலைத் தள்ளினேன். ஒரு ஆட்டுக்குட்டியும் ஒரு இடையனும் சேர்ந்து விழுந்தார்கள். கண்ணில் நீர் கொட்டியது, பாதி வாயுவால், பாதி வயிற்றெரிச்சலால். நான் கொடுக்கலையே அக்கா. பிறகு ஏன் இவர் "வசந்தா குடுத்தா" என்றார்? திருடினேன் என்று சொல்ல வெட்கம், சரி. அந்த இடத்தில் வேறு யார் பெயராவது வந்திருக்கலாமே. நாக்கு நுனியில் இருந்தது அவள் பெயர்தானே.

வந்தாள். யூனிஃபார்மோடு, தலை நனைந்து. கையில் பெரிய டின் நிறைய மணல், நீளமான இடுக்கி, தடிமனான கையுறை, கண்ணை மூடுகிற கண்ணாடி. வெளியே நின்று இருமிக்கொண்டிருந்த ரீத்தாவின் வாயையும் கண்ணையும் பார்த்து, "தண்ணி குடுத்து, கண்ண நல்லா கழுவி விடுங்க, இருமல் நிக்கலன்னா இன்னிக்கே டாக்டர்கிட்ட" என்றுவிட்டு உள்ளே போனாள். சத்தம் அடங்கியிருந்தது. உடனே தொடவில்லை. ரொம்ப நேரம் தள்ளி நின்று பார்த்தாள், கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள். அப்புறம்தான் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி, இடுக்கியால் தூக்கி மணல் மேல் படுக்கவைத்து, சுற்றிலும் மேலும் மணல் கொட்டினாள். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பதம்.

"மூடி போட வேண்டாமாம்மா?" என்றார் ஃபாதர்.

"கூடாது ஃபாதர். மூடினா வாயு உள்ளேயே அடைச்சி, டின்னோட வெடிக்கும்."

நான் உதவியாக ஒரு பிஸ்கட் டின்னை இறுக்கமான மூடியோடு எடுத்து வைத்திருந்தேன். யாரும் பார்க்காமல் காலால் மேசைக்கு அடியில் தள்ளினேன்.

மைதானத்தின் கடைசியில் சைக்கிள் கொட்டகை. சைக்கிள்களை வெளியே எடுத்துவிட்டு அங்கே கொண்டுபோக வேண்டும். வெளியே மழை, மணல் நனையக் கூடாது. அவள் டின்னை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நடக்க, நான் டின்னுக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். இரண்டு பேரும் தெப்பமாக நனைந்தோம். டின் மட்டும் நனையவில்லை. என் வாழ்க்கையில் யாருக்கெல்லாம் குடை பிடிக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பிறகு நட்சத்திரத்திலிருந்த மற்ற மூன்றையும் கழற்றி, ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, ஒன்றோடு ஒன்று தொடாமல் தனித்தனியாக வைத்தாள்.

"ட்ரம்ல நாலு குறைஞ்சது அக்கா. நான்தான் தப்பா எழுதிட்டேன்னு நினைச்சு ஒரு வாரமா தூக்கமில்ல."

மிச்ச டேப்பைச் சுருட்டினேன்.

"இத டாக்ஸியில ஏத்த முடியாது. குப்பையில போட்டா லோரி நசுக்கும்போது தீ பிடிக்கும். எங்க வேன்தான் ட்ரம்மோட வந்து எடுக்கணும். வேன் வேணும்னா சூப்பர்வைசர்கிட்ட நடந்தத சொல்லணும்."

"சொன்னா?"

"அண்ணன் எடுத்தது தெரிஞ்சிடும். வேலைகூட போகலாம்." நிறுத்தினாள். கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "இல்லன்னா... திங்கக்கிழமை நானே ஏதாவது சொல்லி வேன எடுத்துட்டு வந்து ட்ரம்ல திரும்பப் போட்டுடறேன். கணக்கு சரியாயிடும், யாருக்கும் தெரியாது. ஆனா நாளைக்கு ஞாயிறு. பிள்ளைங்க எல்லாம் இந்தப் பக்கம்தான் ஓடும். இது மறுபடி சூடாகாதுன்னு என்னால சொல்ல முடியாது. நீங்க சொல்லுங்க அக்கா. நீங்க என்ன சொன்னாலும் செய்யறேன்."

அந்த முகத்தைப் பார்த்தேன். லண்டன் வரை போய்ப் படித்த அத்தனையையும் என் புருஷனுக்காகக் கீழே வைக்கத் தயாராக இருந்த முகம். அப்போதுதான் தெரிந்தது. நான் கற்பனை செய்யவில்லை.

ரீத்தாவின் இருமல் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அதற்காகத்தான் முடிவெடுத்தேன் என்று யாரிடமும் சொல்லலாம், நம்புவார்கள். இங்கே அப்படி எழுத மாட்டேன். முதலில் வந்தது ரீத்தா இல்லை. இவர் அந்த ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே வரவேண்டும், அதுதான் முதலில் வந்தது.

"வேனுக்கு ஃபோன் பண்ணு வசந்தா" என்றேன்.

வேனும் இவரும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தார்கள். மாலைப் பூசைக்கு வந்த கூட்டம் குடையோடு வேடிக்கை. "சூசை பாம் செஞ்சாரா?" "சும்மா இரு லா."

இவர் ஓடிவந்து முதலில் கேட்டது: "வசந்தா, கண்ணுல கிண்ணுல படலையே?" ரீத்தாவைத் தூக்கியது இரண்டாவது. நான் மூன்றாவது.

"யாரு வேனக் கூப்பிட்டது? பக்கத்திலதானே ரோச்சோர் கால்வாய், தூக்கிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

"தண்ணியிலயா அண்ணே?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் கூப்பிட்டேன்" என்றாள்.

இவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலை குனிந்துகொண்டார்.

டிசம்பர் 11, ஞாயிறு

டாக்டர் பார்த்தார். ரீத்தாவுக்கு நெஞ்சில் ஒன்றுமில்லை, இரண்டு நாளில் சரியாகும். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி.

கோயில் வாசலில் மூன்று பேர் என்னிடம், "அந்தப் பொண்ணு யாரும்மா? கெட்டிக்காரி!" நான்காவது ஆள் வருவதற்குள் பஸ் ஏறிவிட்டேன்.

நட்சத்திரத்துக்கு ஃபாதர் சுவர் ப்ளக்கே போட்டுவிட்டார். இவர் குடில் பக்கம் போகவில்லை.

டிசம்பர் 14, புதன்

மழை. நாலு ப்ளவுஸ் முடித்தேன், எதுவும் மனசில் நிற்கவில்லை.

இன்று விசாரணை. வேலை போகுமா என்பது சனிக்கிழமைதான் தெரியுமாம். இவர் சாப்பிடவில்லை. மறுபடி மறுபடி ஒன்றே: "தொட்டதெல்லாம் சார்ஜ் போட்ட கை ரெஜினா. இது சார்ஜ் பண்ற வகையே இல்லையாம், போட்டுட்டேன்." ஏன் எடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஏன் அவள் பெயரைச் சொன்னீர்கள் என்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

வேலை போனால்? ஃப்ளாட், ரீத்தா பள்ளிக்கூடம், எல்லாம் என் ஊசி முனையில். ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்த ஆத்திரத்தில் என் குடும்பத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டேனா? செபமாலை சொன்னேன். நடுவில் மயில்கழுத்து நிறம் வந்து நின்றது.

டிசம்பர் 17, சனி

வேலை போகவில்லை! இனி பேட்டரி இல்லை, விமானம் இல்லை. சாமான் வண்டிகளின் சக்கரம் ரிப்பேர் பண்ணுகிற இடத்துக்கு மாற்றம், திங்கள் முதல். ஒர்க்‌ஷாப்பிலிருந்து அது ரொம்பத் தூரம், விமான நிலையத்தின் அந்தக் கோடி. மதியச் சாப்பாட்டு நேரமும் வேறு.

வேண்டியது அப்படியே கிடைத்தது. நெய்ச்சோறு போட்டேன். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் முந்திரி போட்டேன்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வசந்தா சரியாத்தான் செஞ்சா" என்றார்.

கரண்டி கையில் அப்படியே நின்றது.

"அவ நினைச்சிருந்தா மறைச்சிருக்கலாம் ரெஜினா. என் முகத்தப் பார்த்தா யாரா இருந்தாலும் மறைச்சிருப்பாங்க. அவ மறைக்கல. கோயில் நிறைய பிள்ளைங்க இருக்குன்னு நினைச்சா பாரு, அது பெரிய மனசு. அவ இப்ப ஒர்க்‌ஷாப்ல சங்கடப்பட்டுட்டு இருப்பா. கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட வரச் சொல்லு, ப்ளவுஸ் வாங்க வருவால்ல."

நான்தான்! நான்தான் கூப்பிடச் சொன்னேன்! அவள் மறைக்கத் தயாராக இருந்தாள்! தொண்டை வரை வந்தது. சொன்னால் அந்தப் பெரிய மனசு என் கணக்கில் வந்துவிடும். ஆனால் இவர் என் முகத்தைப் பார்த்து ஏன் என்று கேட்பார். எனக்கு என் முகத்தின் மேல் நம்பிக்கை இல்லை. இன்னொரு கரண்டி போட்டேன்.

டிசம்பர் 19, திங்கள்

புது இடம். டீசல் வாடையோடு வந்தார். நகத்தில் கிரீஸ். "எப்படி இருந்துச்சு?" "ம்." ரேடியோவில் செய்தி. பேச்சில்லாத வீடு.

ஃபாதர் அங்கி கொடுத்தாயிற்று. இறக்கை ஒன்று சற்றுப் பெரிது, ரீத்தா கவனிக்கவில்லை.

டிசம்பர் 22, வியாழன்

நல்ல வெயில். மாடியில் நிற்க இடமில்லாத கூட்டம். மல்லிகைப்பூ விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது.

கூட்டம் குறைந்த நேரம் பார்த்து வந்தாள். ப்ளவுஸைப் போட்டுப் பார்த்தாள். அச்சு மாதிரி உட்கார்ந்தது. கடைசிக் கொக்கி மட்டும் பாக்கி. தைக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க சொல்லித்தான் வேனக் கூப்பிட்டேன்னு யார்கிட்டயும் சொல்லல அக்கா. அது உங்க வீட்டு விஷயம். புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை வரக்கூடாது."

"ம்."

"ஒர்க்‌ஷாப்ல இப்ப பேச்சே இல்ல. ஆளுங்க எல்லாம் இருக்காங்க, ஆனா..." மேலே சொல்லாமல் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

நான் கொக்கியை இறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர் பக்கமிருந்து ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

"அண்ணன் என் மேல கோபமா அக்கா?"

பாத்திமா அக்கா கடையில் ரேடியோ. கீழே பாசாரில் யாரோ மீன் விலை கூவுகிறார்கள். எல்லாம் தெளிவாகக் கேட்டது. இவர் நெய்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருந்தது.

"ஆமா" என்றேன். "ரொம்பக் கோபம். உன் பேர எடுத்தாலே எழுந்து போயிடறாரு."

தலையை ஆட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். "சரி அக்கா. நியாயம்தான்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு, ப்ளவுஸ் ரொம்ப அழகாக வந்திருக்கிறது என்று மறக்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

டிசம்பர் 24, சனி

காலையில் தூறல், பிறகு விட்டது. கோழி வந்தாயிற்று. தேங்காய் துருவ. இறக்கைக்கு ஒரு ஊக்கு.

"வசந்தா நாளைக்கு வர்றாளா?" என்றார் இவர். பதினைந்து நாளில் முகத்தில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம்.

"ஷிஃப்டாம். வர முடியாதாம்."

"அப்படியா" என்றார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலோரம் நின்றார்.

மாலை நான்கு மணிக்குப் பாவசங்கீர்த்தனம். செய்த பாவத்தை ஃபாதர் காதில் சொல்ல நல்ல கூட்டம். வரிசையில் பாதி வரை நின்றேன். உள்ளே போய்ச் சொன்னால் ஃபாதர் என்ன சொல்வார் என்று தெரியும். அவளிடம் போய் உள்ளதைச் சொல்லம்மா என்பார். சொன்னால் அவள் வருவாள். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நான் வைத்த கோழிக்கறியைச் சாப்பிடுவாள், இவர் சிரிப்பார்.

எனக்குப் பின்னால் நின்ற அம்மாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.